குந்துற கூட்டத்து மயிலம்மாள்

முசிறிக்கு மேற்கே காவிரிக்கரையோரம் ஒரு சின்ன ஊர் மயிலம்மாளுக்கு. கணவன் வீரமலையும் அவளும் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் வாழை போட்டிருந்தார்கள். ஐம்பத்திரண்டாம் வருஷம் கார்த்திகையில் அடித்த புயல், தார் தள்ளி நின்ற மரங்களை ஒன்று விடாமல் படுக்கப் போட்டுவிட்டுப் போயிற்று. விடிந்ததும் வீரமலை தலையில் கைவைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தவன் வெயில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை.

"பார்த்துக்கிட்டே இருந்தா நிமிந்துக்குமாங்க? கிளம்புங்க, திருச்சிக்குப் போவோம்" என்றாள் மயிலம்மாள்.

அப்படித்தான் அவர்கள் பாலக்கரைப் பக்கம் ஒரு ஓலைக் குடிசைக்கு வந்து சேர்ந்தார்கள். வீரமலைக்குக் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. மயிலம்மாள் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனாள்.

அவள் நல்ல உயரம், அதற்கேற்ற தோள், நாலு தெருவுக்குக் கேட்கிற குரல். ஊரில் நடவு, களை என்று பழகிய உடம்பு. செங்கல்லோ மணலோ, மற்றவர்கள் ஒரு நடை போய்த் திரும்புவதற்குள் அவள் அடுத்த நடைக்கு ஏறிக்கொண்டிருப்பாள். மன்னார்புரத்தில் ஒரு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே மேஸ்திரி பெரியண்ணன். எப்போதும் காதில் பீடி செருகியிருக்கும் மனிதர். வேலை தெரிந்தவர், வாய் மட்டும் கொஞ்சம் அதிகம்.

"பாருங்கடி மயிலை. காலையிலேர்ந்து ஒரு தடவை குந்தியிருப்பாளா? இவ மாதிரி நாலு பேரு இருந்தா இந்தக் கட்டடத்தைத் தைக்குள்ள முடிச்சிருவேன்" என்று மற்றவர்கள் காதுபடச் சொல்வார்.

அந்தப் பேச்சு மயிலம்மாளுக்குப் பிடித்திருந்தது. உட்காராதவள் என்று பெயரெடுப்பதில் அவளுக்கு ஒரு கர்வம். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வருவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். அடுப்பு மூட்டக் குனிந்தால் நிமிர முடியாது. பல நாள் வீரமலைதான் உலை வைப்பான். சோற்றைப் பிசைந்தபடியே அவள் தூங்கிப்போவாள்.

ஒரு நாள் சாரப் பலகையிலிருந்த துருப்பிடித்த ஆணி அவள் உள்ளங்காலில் ஏறிவிட்டது. ஆணியைப் பிடுங்கி, மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு அவள் மறுபடி சுமக்கப் போனாள். கட்டு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கொரு தரம் ரத்தம் கசிந்து துணி நழுவும். வேறு வழியில்லாமல் அவள் நிழலில் உட்கார்ந்து கட்டை அவிழ்ப்பாள், இறுக்கிக் கட்டுவாள், ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள், எழுந்து போவாள். மறுபடி நழுவும், மறுபடி உட்காருவாள். நாள் முழுக்க அப்படியே ஓடிற்று. மானம் போகிறதே என்று அவளுக்கு உள்ளுக்குள் குறுகுறுப்பு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். உலை வைத்தாள். புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதுதான் திடுக்கென்று உறைத்தது.

"என்னங்க, எனக்கு இடுப்பே வலிக்கலைங்க" என்றாள்.

"கால் வலியில இடுப்பு வலி தெரியலையோ என்னவோ" என்றான் வீரமலை.

"இல்லைங்க. எப்பவும் சுமக்கிற அளவுதான் இன்னிக்கும் சுமந்தேன். ஒரு நடைகூடக் குறையலை. ஆனா உடம்பு காலையில இருந்த மாதிரியே இருக்கு."

அன்று அவள் வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்ததால் வேலை குறையவில்லை. உட்கார்ந்ததால்தான் வேலை குறையாமல் இருந்தது. களைத்துப்போன பிறகு உட்கார்ந்தால் எழுந்திருப்பதற்கே தனியாக ஒரு பலம் வேண்டியிருக்கிறது. களைப்பு வருவதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டால், வந்த களைப்பு வாசலோடு திரும்பிப் போய்விடுகிறது. உடம்பு சொல்லித் தந்த இந்தச் செய்தியை அவள் யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கவில்லை. கால் ஆறிய பிறகும் தானாகவே அவ்வப்போது உட்கார ஆரம்பித்தாள்.

பெரியண்ணன் விடவில்லை.

"ஏ மயிலு, என்ன ஆச்சு உனக்கு? கால்தான் ஆறிப்போச்சே, இன்னும் என்ன குந்தல்?"

"கொஞ்சம் உட்கார்ந்து எந்திரிச்சா ஓட்டமா ஓடலாம் அண்ணே. வேணும்னா நான் கொண்டுபோன கல்லை எண்ணிப் பாருங்க."

"எண்ணிப் பாக்குறதா? நாலு பேரு பாக்க நீ குந்தினா நாற்பது பேரு குந்துவாளுக. வேலை செய்ய வந்தியா, குந்த வந்தியா?"

அவள் எழுந்து சட்டியைத் தூக்கினாள். புதிய ஊர், மேஸ்திரியைப் பகைத்துக்கொண்டால் நாளைக்கு வேலை இல்லை. சில நாள் பழையபடியே ஓடினாள்.

அதே வேலையில் அமிர்தம் என்று ஒரு பெண் இருந்தாள். மண்ணச்சநல்லூர்க்காரி. முன்பு அங்கே ரைஸ்மில் களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தவள். மயிலம்மாளை விட இளையவள், அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டு திரிவாள். சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்கு முந்தைய நடையில், தலையில் செங்கல்லோடு சாரத்தில் ஏறிக்கொண்டிருந்த அமிர்தத்தின் கால் பலகையின் ஓரத்தில் பட்டது. வழுக்கவில்லை, யாரும் இடிக்கவில்லை. காலைத் தூக்க வேண்டிய உயரத்துக்கு அவளால் தூக்க முடியவில்லை, அவ்வளவுதான். செங்கல்லும் அவளும் ஒன்றாகக் கீழே விழுந்தார்கள்.

தொடை எலும்பு முறிந்துவிட்டது. மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது மயிலம்மாள்தான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். "கால் கனமா இருந்துச்சுக்கா. காலையிலேர்ந்தே கனமா இருந்துச்சு. சொன்னா மேஸ்திரி திட்டுவாரேன்னு இருந்தேன்" என்று அமிர்தம் முனகிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் மயிலம்மாள் வேலைக்குப் போனாள், ஆனால் சும்மாட்டைச் சுற்றவில்லை. நேராகப் பெரியண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, இனிமே உங்ககிட்ட நான் வேலைக்கு வரலை. உட்கார்ந்து எந்திரிச்சு வேலை செய்யிற கூட்டம் ஒண்ணு நானே சேக்கப்போறேன்."

பெரியண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. "பொம்பளை கூட்டம் சேத்து, குந்திக்கிட்டே கட்டடம் கட்டப் போறியா? கட்டு, கட்டு. நான் வந்து பாக்குறேன்."

"வந்து பாருங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள். பின்னால் ஒரு பெண், பிறகு இன்னும் இரண்டு பெண்கள், சும்மாட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவளோடு வந்தார்கள்.

ஆரம்பத்தில் வேலை கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. தில்லைநகர்ப் பக்கம் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். ரங்கசாமி என்கிற காண்டிராக்டர், ஆள் கிடைக்காத அவசரத்தில், ஒரு சுற்றுச்சுவருக்கு மண் சுமக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்தார். அதற்குள் இன்னும் சிலர் சேர்ந்திருந்த தன் கூட்டத்தை மயிலம்மாள் ஒன்றாக உட்காரவிடவில்லை. ஒரு பக்கம் நாலு பேர் சுமந்துகொண்டிருக்க, இரண்டு பேர் நிழலில் காலை நீட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் எழுந்ததும் வேறு இரண்டு பேர். வேலை ஒரு நிமிஷமும் நிற்காது. யாரோ எப்போதும் உட்கார்ந்துகொண்டிருப்பார்கள்.

அந்தக் கூட்டத்திலேயே பவுனம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். கருங்கல் மாதிரி உடம்பு, பிடிவாதமும் அதே மாதிரி.

"எனக்குக் களைப்பே இல்லக்கா, என்னை ஏன் உட்காரச் சொல்றே?"

"களைப்பு இல்லாதப்பதான் உட்காரணும் பவுனு. களைச்சப்புறம் உன்னைத் தூக்கி நிறுத்த எனக்கு ரெண்டு ஆளு வேணும்."

"சும்மா உட்கார்ந்திருக்க எனக்குக் கூச்சமா இருக்கு."

"கூச்சப்படாம உட்காரு. தண்ணியைக் குடி. காலை நீட்டு. வாயை மூடு. அதுவும் வேலைதான்னு நினைச்சுக்க."

பவுனம்மாள் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தாள். பிறகு அவள்தான் புதிதாக வருகிறவர்களைக் கையைப் பிடித்து உட்காரவைப்பவள் ஆனாள்.

போகிற வருகிறவர்கள் கண்ணில் பட்டது உட்கார்ந்திருந்தவர்கள்தான். எப்போது பார்த்தாலும் நிழலில் இரண்டு பெண்கள். மற்ற மேஸ்திரிகள் பெயர் வைத்துவிட்டார்கள்: குந்துற கூட்டம். டீக்கடையில் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். வீரமலை ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து முகம் சுருங்கி வந்தான்.

"உன் கூட்டத்தை என்னமோ பேரு வெச்சுக் கூப்பிடுறாங்க மயிலு. காதுல விழுந்துச்சு. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"குந்துற கூட்டம்னுதானே? குந்துறோம், சொல்றாங்க. விழுந்த கூட்டம்னு சொல்லலையே, அது போதும்" என்றாள் அவள். பிறகு யார் கேட்டாலும் அவளே அந்தப் பெயரைச் சொல்லித்தான் தன் கூட்டத்தை அறிமுகப்படுத்தினாள்.

சுற்றுச்சுவர் சொன்ன நாளுக்கு முன்பே முடிந்தது. ரங்கசாமி கணக்கைத் தீர்த்துக் கூலியைக் கொடுத்தார். அடுத்த வேலைக்கும் கூப்பிட்டு அனுப்பினார்.

அமிர்தத்தின் எலும்பு சேர்ந்துவிட்டது, கால் மட்டும் கொஞ்சம் குட்டையாகிப் போயிற்று. கம்பை ஊன்றித்தான் நடக்க முடியும். மண்ணச்சநல்லூருக்கே திரும்பிப் போய்விடுகிறேன் என்று சொல்ல வந்தவளை மயிலம்மாள் விடவில்லை.

"நீ என்கூட வா."

"நான் வந்து என்னக்கா பண்றது? சட்டி தூக்க முடியாது, ஏற முடியாது."

"நீ தூக்க வேணாம். பார்த்துக்கிட்டு இரு. யாருக்குக் கால் கனக்குதுன்னு உனக்குத்தான் முதல்ல தெரியும்."

அது உண்மையாகவே இருந்தது. விழுந்தவளின் கண்ணுக்கு, விழப்போகிறவள் தெரிந்தாள். தலைச்சுமையைக் கையால் பிடிக்காமல் நடந்துகொண்டிருந்தவள், ஒரு கையை உயர்த்திச் சட்டியைப் பிடித்துக்கொண்டால் அமிர்தம் அவள் பெயரைச் சொல்லிக் குரல் கொடுப்பாள். அவள் உடனே இறக்கிவிட்டு வந்து உட்கார வேண்டும், அங்கே மறுபேச்சு கிடையாது. வருஷக்கணக்கில் அந்தக் கூட்டத்தில் ஒருத்திகூடச் சாரத்திலிருந்து விழவில்லை. மயிலம்மாள் வாய்விட்டுப் பெருமை பேசியதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைத்தான்.

ஐம்பத்தொன்பதில் ஸ்ரீரங்கத்தில் ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கட்டும் வேலையை ரங்கசாமி எடுத்தார். கொள்ளிடத்துப் பக்கம், தென்னைகளுக்கு மேலே தலை தூக்கி நிற்கப்போகிற தொட்டி. தூண்கள் எழும்பிவிட்டன. பங்குனி மாதத்தில் தொட்டியின் அடித்தளத்துக்குக் கான்கிரீட் போட நாள் குறித்தார்கள். அந்தக் கான்கிரீட்டை மட்டும் ஒரே மூச்சில் போட்டு முடிக்க வேண்டும் என்று இளம் இன்ஜினீயர் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார்.

"நடுவுல நின்னுட்டா, போட்டது இறுகிடும். அப்புறம் போடுறது அதோட ஒட்டாது. ஒட்டாத இடத்துல தண்ணி கசியும். ரெண்டு பக்கமும் ஆரம்பிச்சு, ஒரே சீரா நடுவுல வந்து சேரணும்."

கிழக்குப் பக்கத்துக்குப் பெரியண்ணன் கூட்டம், மேற்குப் பக்கத்துக்கு மயிலம்மாள் கூட்டம் என்று ரங்கசாமி பிரித்துக் கொடுத்தார். இரண்டு பக்கமும் தட்டுத் தட்டாகச் சாரம். ஒவ்வொரு தட்டிலும் பெண்கள் நின்று, கீழிருந்து வரும் கான்கிரீட் சட்டியை வாங்கி மேல்தட்டுக்குக் கைமாற்ற வேண்டும். மன்னார்புரத்துக்குப் பிறகு பெரியண்ணனும் மயிலம்மாளும் ஒரே வேலையில் சந்தித்தது அன்றுதான்.

மயிலம்மாள் சாரத்தை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு ரங்கசாமியிடம் வந்தாள்.

"முதலாளி, தட்டுக்கு ஒரு ஆளு கூடுதலா வேணும்."

"ஏன்? கைமாத்துறதுக்கு இந்த ஆளு போதுமே."

"நிக்கிறதுக்குப் போதும். உட்கார்றதுக்கு ஆளு வேணும்."

ரங்கசாமிக்குக் கோபம் வந்தது. "உட்கார்றதுக்கு ஆளு வெச்சு வேலை வாங்கின காண்டிராக்டர் ஊர்லயே நான் ஒருத்தன்தான் இருப்பேன்."

"பொழுதுக்கும் கை நிக்கக் கூடாதுன்னு சொல்றீங்க. கை நிக்காம இருக்கணும்னா ஆளு நிக்கணும், உட்காரணும், மாறி மாறி. ஏதாவது ஒரு இடத்துல என் பக்கம் நின்னுபோச்சுன்னா இனிமே எந்த வேலைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க."

இன்ஜினீயர் குறுக்கே வந்தார். "கான்கிரீட் நிக்காம வந்தாப் போதும் சார். யாரு நின்னா என்ன, யாரு உட்கார்ந்தா என்ன? கொடுத்துப் பாருங்க."

பெரியண்ணனிடமும் கேட்டார்கள். "என் ஆளுங்களுக்கு நிக்கத் தெரியும். நிக்கிற ஆளே போதும்" என்றார் அவர்.

கோயிலில் விடியற்கால விஸ்வரூப தரிசனத்துக்கு மணி அடிக்கும் நேரத்தில் கலவை மெஷின் உறுமத் தொடங்கியது. முதல் சட்டி மேலே ஏறியதும் இரண்டு பக்கமும் போட்டி பிறந்துவிட்டது. கிழக்குப் பக்கம் சிட்டாகப் பறந்தது. பெரியண்ணன் கீழே நின்று "ம்... ம்... விடாதே" என்று தாளம் போட்டார். மேற்குப் பக்கம் சீராகப் போயிற்று. ஒவ்வொரு தட்டிலும் ஒருத்தி சாரக் கம்பில் சாய்ந்து காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். கீழே தென்னை நிழலில் அமிர்தம் கம்பை ஊன்றி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணாம் தட்டு, செவப்புச் சேலை, மாறு!" என்று அவள் குரல் அவ்வப்போது மேலே ஏறும். உட்கார்ந்திருந்தவள் எழுந்து சட்டியை வாங்க, நின்றவள் அப்படியே உட்காருவாள். சட்டி நிற்காது.

பத்து மணி வாக்கில் கிழக்குப் பக்கம் முந்தியிருந்தது. "அக்கா, அவங்க நம்மளைத் தாண்டிட்டாங்க. இன்னிக்கு ஒரு நாளைக்கு உட்காராம போடுவோம்" என்று பவுனம்மாளே சொன்னாள்.

"போகட்டும் பவுனு. பொழுது இன்னும் கிடக்கு."

உச்சி வெயில் சாய்ந்த பிறகு உட்காராததன் விளைவு தெரிய ஆரம்பித்தது. கிழக்குப் பக்கத்தில் சட்டிகள் வழிந்தன. கை மாறும்போது பாதி கான்கிரீட் சாரத்தில் கொட்டியது. ஒரு பெண் மயக்கம் வந்து தட்டிலேயே சரிந்தாள். அவளைக் கீழே இறக்குவதற்குள் இன்னொருத்தி "எனக்குக் கை தூக்கலை" என்று அழ ஆரம்பித்தாள். பெரியண்ணனே மேலே ஏறி, அவள் இடத்தில் நின்று சட்டி வாங்கினார். அவருக்கும் வயசாகியிருந்தது. கிழக்குப் பக்கத்துக் கைமாற்றுச் சங்கிலி விட்டு விட்டு வந்தது. பிறகு நின்றே போய்விட்டது.

இன்ஜினீயர் மேலேயிருந்து கத்தினார். "நிறுத்தாதீங்க! கிழக்கு இறுகிடும்!"

ரங்கசாமி மேற்குப் பக்கம் ஓடி வந்தார். "மயிலம்மா, உட்கார்ந்திருக்கிற உன் ஆளுங்களையெல்லாம் அந்தப் பக்கம் அனுப்பு. எல்லாரும் நின்னு போடுங்க. இதுக்கு மேல ஒருத்தரும் உட்காரக் கூடாது."

மயிலம்மாள் இரண்டு பக்கச் சாரத்தையும் அண்ணாந்து பார்த்தாள். உட்கார்ந்திருந்தவர்களை அனுப்பிவிட்டால் கிழக்கு ஓடும். ஆனால் கொஞ்ச நேரத்தில் மேற்கும் கிழக்கைப் போல ஆகிவிடும். பொழுது சாய்வதற்குள் இரண்டு பக்கமும் நிற்கும்.

"என் ஆளுங்களை அனுப்புறேன் முதலாளி. ஆனா உட்கார்றது நிக்காது."

அவள் சாரத்தைச் சுற்றி ஓடி, கிழக்குப் பக்கம் ஏறினாள். பெரியண்ணன் கையில் சட்டியோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என் ஆளுங்க வராங்க. உங்க ஆளுங்க எல்லாரும் முதல்ல கீழே இறங்கி உட்காரணும்."

"எல்லாருமா? அப்ப ஆளு பாதியாயிருமே."

"பாதியாகட்டும். சட்டியைப் பாதி ரொப்பச் சொல்றேன். மெதுவாப் போகட்டும், ஆனா நிக்காது. அவங்க எந்திரிச்சு வந்ததும் முழுசா ரொப்பலாம்."

பெரியண்ணன் அவளைப் பார்த்தார். வியர்வை கண்ணில் இறங்கியது. சுற்றிலும் நின்ற பெண்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கலாமா என்று கேட்கவும் பயம் அவர்களுக்கு.

"போங்கடி, போய் உட்காருங்க. மயிலு சொல்றதைக் கேளுங்க" என்றார் அவர்.

அந்தப் பெண்கள் நிழலைப் பார்த்து இறங்கிய வேகத்தை மயிலம்மாள் கடைசிவரை மறக்கவில்லை. பவுனம்மாள் மோர்க் குடத்தோடு அவர்கள் நடுவில் போய் நின்றாள். "குடிங்கடி. காலை நீட்டுங்க. பேசாதீங்க, பேசினா மூச்சு போகும்." அமிர்தம் மேற்கையும் கிழக்கையும் மாறி மாறி அண்ணாந்து பார்த்தாள். யாருடைய கூட்டம், யாருடைய பக்கம் என்ற கணக்கெல்லாம் போயிற்று. அவள் கூப்பிட்ட ஆள் உட்கார்ந்தாள், அவள் காட்டிய ஆள் எழுந்தாள்.

பாதிச் சட்டிகள் மெல்ல மெல்ல ஏறின. மேலே கான்கிரீட்டின் விளிம்பு ஈரமாகவே இருந்தது. பிறகு இளைப்பாறிய பெண்கள் திரும்பி வந்தார்கள். சட்டிகள் நிறைந்தன. சங்கிலி இரண்டு பக்கமும் ஒரே வேகத்துக்கு வந்தபோது யாரோ ஒருத்தி குலவையிட்டாள். மறுபக்கத்திலிருந்து பதில் குலவை வந்தது. கொள்ளிடத்திலிருந்து காற்றும் எழும்பிவிட்டது.

சூரியன் தென்னைக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் கிழக்கும் மேற்கும் நடுவில் வந்து சேர்ந்தன. கொத்தனார்கள் மட்டப்பலகையை இழுத்து முடித்தார்கள். கலவை மெஷின் நின்றதும் எழுந்த அமைதியில் கோயில் மேளச் சத்தம் தெளிவாகக் கேட்டது. சங்கிலியில் நின்றவர்கள் எல்லாரும் தங்கள் காலால் நடந்துதான் சாரத்தை விட்டு இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவள் மயிலம்மாள்.

பெரியண்ணன் காதிலிருந்த பீடியை எடுத்தார், பற்றவைக்காமல் கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"மன்னார்புரத்துல வந்து பாக்குறேன்னு சொன்னேன். பார்த்துட்டேன்" என்றார்.

மயிலம்மாள் குடத்தைச் சாய்த்து ஒரு சொம்பில் ஊற்றினாள். "மோர் இருக்கு, குடிங்கண்ணே" என்று நீட்டினாள். அவர் போய் அமிர்தத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அமிர்தம் கம்பைத் தள்ளி வைத்து இடம் கொடுத்தாள். அவளுடைய குட்டைக் காலை அவர் பார்த்ததும், பார்வையைத் திருப்பிக்கொண்டதும் மயிலம்மாள் கண்ணில் பட்டன.

தொட்டி முழுதாகக் கட்டி முடிந்த பிறகு தண்ணீர் நிரப்பிப் பார்த்தார்கள். கசிகிறதா என்று பார்க்கச் சில நாள் அப்படியே விடுவது வழக்கம். தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் மயிலம்மாள் அந்தத் தொட்டிக்குக் கீழே போய் அண்ணாந்து பார்ப்பாள். இன்ஜினீயரும் வருவார். ஒரு சொட்டுகூட இல்லை. தொட்டியின் வெளுத்த வயிறு காய்ந்தே கிடந்தது.

முதல் தடவை தெருக்குழாய்களில் தண்ணீர் விட்ட அன்று அவள் தன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குப் போனாள். எல்லாரும் தலைக்கு எண்ணெய் தேய்த்து வாரி, வெளுத்த சேலை கட்டியிருந்தார்கள். குழாயடியில் ஒரு வைஷ்ணவ வீட்டு அம்மாள் பித்தளைக் குடத்தோடு காத்திருந்தாள். தண்ணீர் சீறிக்கொண்டு வந்ததும், "பெருமாளே, தீர்த்தம் வந்துடுத்து! கொள்ளிடத்துக்குப் போய்ச் சுமக்க வேண்டாமே இனிமே" என்று ஒரு கை ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு தள்ளி நின்ற பெண்களைப் பார்த்து, "நீங்கள்ளாம் யாரும்மா?" என்றாள்.

"அந்தத் தொட்டியைக் கட்டினவங்கம்மா" என்றாள் மயிலம்மாள். அவள் குரல் தெருமுனை வரை கேட்டது.

அதற்குப் பிறகு ரங்கசாமி அவளைச் சித்தாள் கணக்கில் எழுதவில்லை. மேஸ்திரி என்றே எழுதினார். ஆரம்பத்தில் ஆண் கொத்தனார்கள் "மேஸ்திரி" என்று கூப்பிட வாய் கூசினார்கள், பிறகு பழகிப்போனார்கள். வேலை பேச வருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது நிழல் எங்கே என்பதுதான். மரம் இல்லாத இடமென்றால் நாலு கம்பு நட்டு ஓலை வேய்ந்து தந்தால்தான் வருவாள். "வந்ததும் உட்கார்ற இடமா கேக்குறே?" என்று சிரித்தவர்களும், வேலை முடிந்ததும் அடுத்த வேலைக்கு அவளைத்தான் தேடி வந்தார்கள்.

வீரமலையிடமும் மாற்றம் வந்தது. மார்க்கெட்டில் ஒரு மூட்டைக்கும் அடுத்ததுக்கும் நடுவே கொஞ்சம் குந்தி எழுவதை அவன் பழக்கமாக்கிக்கொண்டான். கேலி செய்தவர்களிடம், "என் வீட்டுக்காரி ஸ்ரீரங்கத்துத் தொட்டியை இப்படித்தான் கட்டினா" என்பான். அதை அவன் சொல்லிக் கேட்டவர்கள் மயிலம்மாளிடம் வந்து சொல்ல, அவள் முகம் பூரித்துப்போகும்.

அறுபதுகளின் நடுவில் திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலைக்கான கட்டடங்கள் எழும்பின. கண்ணுக்கெட்டிய தூரம் பொட்டல், அதில் எங்கெங்கிருந்தோ வந்த கூட்டங்கள். மயிலம்மாளின் கூட்டம் இப்போது பெரிது. அமிர்தம் அதற்குள் கல்யாணம் முடிந்து, ஒரு பெண் குழந்தைக்குத் தாயாகியிருந்தாள். ஓலைக் கொட்டகையில் தூளி கட்டிப் போட்டுவிட்டு, பழையபடியே கம்பை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு மத்தியானம் மயிலம்மாளின் முறை வந்தது. மேஸ்திரி ஆன பிறகும் அவள் தன் முறையை விட்டதில்லை. கொட்டகைக்கு வந்து காலை நீட்டி, சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள்.

"அக்கா, அங்க பாரு" என்றாள் அமிர்தம்.

பொட்டலின் அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு மேஸ்திரியின் கூட்டம். பேரும் ஊரும் தெரியாதவர்கள். பாதிப் பேர் சுமந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் லாரியின் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அதற்கும் அப்பால், தார்ப்பாயைக் கட்டி அதன் கீழே இன்னொரு கூட்டத்து ஆட்கள் மூன்று பேர். சற்று நேரத்தில் லாரி நிழலிலிருந்த பெண்கள் எழுந்தார்கள். சுமந்துகொண்டிருந்த வேறு இரண்டு பேர் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். வேலை நிற்கவில்லை.

"நீ ஏதாவது சொன்னியா அவங்ககிட்ட?"

"நான் யாரைக்கா பாத்தேன்? அந்தப் பக்கமே போனதில்ல."

மயிலம்மாள் கையை நெற்றிக்குக் கொடுத்து, வெயிலில் கண்ணைச் சுருக்கி, வெகுநேரம் அந்தப் பொட்டலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூளியில் குழந்தை புரண்டு சிணுங்கியது. அமிர்தம் அதை ஆட்டிவிட்டாள்.

"போதும்க்கா, உன் நேரம் ஆச்சு. பவுனக்கா கை சட்டிக்கு ஏறிருச்சு பாரு, எந்திரி" என்றாள் அமிர்தம்.

"எந்திரிச்சிட்டேன்டி" என்று மயிலம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.